அலமாரி மேல் உறங்கும் மெஷின்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் நுரையீரல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேடையில் பேசுகிறவனுக்கு, முன்வரிசையில் ஒருவர் கண்ணயர்ந்தால் கோபம் வரும். எனக்கு வராது. நான் அவருடைய கழுத்தைப் பார்ப்பேன், தாடையைப் பார்ப்பேன், சட்டைக் காலர் எத்தனை அங்குலம் இருக்கும் என்று கணக்குப் போடுவேன். தொழில் புத்தி! ஆகவே யாராவது தூங்கினால் இடித்து எழுப்பாதீர்கள். கூட்டம் முடிந்ததும் என்னிடம் அனுப்பி வையுங்கள்.

இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், உறக்கத்தில் மூச்சு அடைபடும் நோய். ஆஸ்பத்திரியில் ஸ்லீப் ஆப்னியா என்பார்கள். நோயைப் பற்றிக் கொஞ்சமாகவும், அதற்குள்ள வைத்தியங்களைப் பற்றி நிறையவும் சொல்லப் போகிறேன்.

நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? "அசந்து தூங்குறார் பாரு, குறட்டைச் சத்தம் தெரு வரைக்கும் கேக்குது." குறட்டை என்றால் ஆழ்ந்த தூக்கம் என்று நமக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை என் மனத்திலிருந்து அடியோடு பிடுங்கிப் போட்டவர் ஒரு டாக்டரும் இல்லை, ஒரு புத்தகமும் இல்லை. ஒரு லாரி ஓட்டுநரின் மனைவி.

கணவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டுத் தன் செல்போனை என் முன்னால் நீட்டினார். இருட்டில் எடுத்த வீடியோ. படம் ஒன்றும் தெரியவில்லை. மின்விசிறிச் சத்தம், அதற்கு மேலே குறட்டை. திடீரென்று குறட்டை நின்றது. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்போது அந்த அம்மாவின் குரல், தாழ்ந்த குரல், எண்ண ஆரம்பிக்கிறது. ஒண்ணு, ரெண்டு, மூணு... இருபத்திரண்டு வரை எண்ணினார். அதற்குப் பிறகுதான் தண்ணீரில் மூழ்கியவன் மேலே வந்தது போல ஒரு பெரிய இழுப்பு. மறுபடி குறட்டை.

அவர் சொன்னார்: "இவர் குறட்டை விட்டா எனக்குப் பயமில்லே சார். குறட்டை நின்னாத்தான் பயமா இருக்கு."

முப்பது ஆண்டுத் தொழிலில் இந்த நோய்க்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை. கணவர் என்ன சொன்னார் தெரியுமா? "எனக்கு ஒண்ணும் இல்லே சார். படுத்தா உடனே தூங்கிருவேன்." ஆமாம், உடனே தூங்கிவிடுவார். டோல்கேட் வரிசையில் வண்டி நின்றால்கூடத் தூங்கிவிடுவார். பின்னால் நிற்கிற வண்டிக்காரன் ஹாரன் அடித்து எழுப்ப வேண்டும். அதைப் பெருமையாகவே சொன்னார்!

என்ன நடக்கிறது தொண்டைக்குள்ளே? ஜூஸ் கடையில் இப்போது காகித ஸ்ட்ரா கொடுக்கிறார்கள். கொஞ்சம் ஊறிப்போன பிறகு அதை உறிஞ்சிப் பாருங்கள். சுவர்கள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், ஒரு சொட்டுக்கூட வராது. நம் தொண்டையும் அப்படித்தான். மூக்குக்குப் பின்புறம் தொடங்கிக் குரல்வளை வரை அது வெறும் தசைக் குழாய். மூச்சுக்குழாயில் இருப்பது போலக் குருத்தெலும்பு வளையம் அங்கே கிடையாது. விழித்திருக்கும்போது தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. தூங்கும்போது தளர்கின்றன. தளர்ந்தால் எல்லோருக்கும் அடைக்குமா? இல்லை. கழுத்தில் கொழுப்பு சேர்ந்தவர்கள், கீழ்த்தாடை சிறுத்துப் பின்வாங்கியவர்கள், டான்சில் பெருத்தவர்கள், மூக்கடைப்பு உள்ளவர்கள், இவர்களுக்கு அடைக்கும். ஒல்லியானவருக்கு வராது என்று நினைக்காதீர்கள். தாடை சிறுத்த ஒல்லிக்காரர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

அடைத்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறிப்போய் ஆளை அரைகுறையாக எழுப்பிவிடும். தொண்டை திறக்கும், மூச்சு வரும், திரும்பவும் தூக்கம், திரும்பவும் அடைப்பு. காலையில் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. தலை வலிக்கும், வாய் வறண்டிருக்கும், ராத்திரி நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பார். சர்க்கரை என்பார்கள், புராஸ்டேட் என்பார்கள். ரத்த அழுத்தம் மூன்று மாத்திரைக்கும் அடங்காமல் நிற்கும்.

பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றாலும், ஓரளவு அடைபட்டு ஆக்சிஜன் இறங்கினாலும் ஒரு தடவை என்று கணக்கு. ஸ்லீப் ஸ்டடி எடுத்து, மணிக்கு எத்தனை தடவை என்று பார்ப்போம். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. நம் ஓட்டுநருக்கு வந்தது 52. கிட்டத்தட்ட நிமிடத்துக்கு ஒரு முறை! 2019இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி 30 வயது முதல் 69 வயது வரை உள்ளவர்களில், மணிக்கு 5 என்ற எல்லையைத் தொட்டவர்கள் உலகம் முழுவதும் 93 கோடிக்கு மேல். 2022 பிப்ரவரியில் 'டிஸ்கோ டான்சர்' படத்துக்கு இசையமைத்த பப்பி லஹிரி மறைந்தபோது, மருத்துவமனை சொன்ன காரணங்களில் இந்த நோயும் ஒன்று. அன்றைக்குத்தான் நம் நாட்டில் பலர் இந்தப் பெயரை முதல் முறையாகக் கேள்விப்பட்டார்கள்.

மருத்துவ உலகம் இதைக் கண்டுகொண்ட கதை வேடிக்கையானது. 1830களில் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய பிக்விக் நாவலில் ஜோ என்று ஒரு குண்டுப் பையன் வருகிறான். நின்றபடியே தூங்குவான். 1956இல் அமெரிக்க மருத்துவர்கள் தங்கள் நோயாளி ஒருவரின் நோய்க்கு அந்தப் பிக்விக் பெயரையே வைத்தார்கள். அவர் ஒரு தொழில் நிர்வாகி, பருத்த உடல். வாரந்தோறும் சீட்டாடுவார். ஒருநாள் கையில் மூன்று ஏஸ், இரண்டு ராஜா விழுந்திருக்கிறது. போக்கரில் அது லேசில் கிடைக்காத சீட்டு. பந்தயம் கட்ட வேண்டிய நேரத்தில் மனிதர் தூங்கிவிட்டார்! அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். சீட்டாடுகிறவர்கள் அவர் வேதனையை என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள். உறங்கும்போது தொண்டை மூடிக்கொள்கிறது என்ற உண்மை பிரான்சிலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வுகளில் 1965இல்தான் வெளிப்பட்டது.

சரி, நோய் தெரிந்துவிட்டது. அன்றைக்கு வைத்தியம்? கழுத்தில் ஓட்டை போடுவது! தொண்டைதானே அடைக்கிறது, அதற்குக் கீழே துளை போட்டுவிட்டால் அங்கிருந்து மூச்சு விடலாம் அல்லவா? நியாயமான வைத்தியம்தான். பலன் நூற்றுக்கு நூறு. ஆனால் யார் ஒத்துக்கொள்வார்கள்? பகலெல்லாம் குழாயை மூடிக்கொண்டு பேச வேண்டும். கிணற்றில், குளத்தில் இறங்க முடியாது.

இப்போது உங்களை 1980 ஜூன் மாதத்துக்கு, ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்துக்கு அழைத்துப் போகிறேன். காலின் சல்லிவன் என்று ஓர் இளம் மருத்துவர். அதற்கு முன் கனடாவில் டொரண்டோவில் இருந்தபோது, தூங்கும் நாய்கள் எப்படி மூச்சு விடுகின்றன என்று ஆராய்ந்தவர். நாயின் முகத்துக்குப் பொருந்துகிற மாஸ்க் செய்து பழகிய கை. சிட்னியில் அவரிடம் ஒரு கட்டடத் தொழிலாளி வருகிறார். கடுமையான நோய். கழுத்தில் துளை போட வேண்டும் என்கிறார்கள், அவருக்கு அதில் விருப்பமில்லை. சல்லிவன் யோசித்தார். குழாய் சுருங்கி ஒட்டிக்கொள்கிறது, உள்ளேயிருந்து காற்றால் அழுத்தினால் விரிந்து நிற்காதா? காற்று இறங்கிய சைக்கிள் டியூப் துவண்டு கிடக்கிறது, காற்றடித்தால் நிமிர்கிறது. அவ்வளவுதான் தத்துவம்.

கருவி? வீடு கூட்டும் வேக்குவம் கிளீனரின் மோட்டார். அதைத் தலைகீழாகப் பயன்படுத்தினார். உறிஞ்சுகிற கருவி ஊத ஆரம்பித்தது. பிளாஸ்டிக் குழாயை மூக்கில் பொருத்திக் காற்று கசியாமல் சிலிக்கோன் பசை போட்டு ஒட்டினார்கள். தொழிலாளி தூங்கினார், தொண்டை அடைத்தது. அழுத்தத்தை மெல்ல ஏற்றினார்கள். அடைப்பு போனது! குறைத்தார்கள், அடைப்பு வந்தது. ஏற்றினார்கள், போனது. விளக்கு சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும் போல! அப்புறம் ஏற்றியபடியே விட்டுவிட்டார்கள். அந்த மனிதர் அன்றிரவு பல வருஷத் தூக்கக் கடனை அடைப்பது போலத் தூங்கினார். மறு ஆண்டு, 1981இல், லான்செட் இதழில் கட்டுரை வந்தது. எத்தனை நோயாளிகளை வைத்து? ஐந்தே ஐந்து பேர்.

இந்த வைத்தியத்தைத்தான் இன்றைக்கு சிபாப் என்கிறோம். "காத்தை அழுத்தி ஊதுறதா? நுரையீரல் வெடிச்சிராதா டாக்டர்?" என்று கேட்பார்கள். வீட்டுக்குப் போனதும் ஒரு வாளியில் தண்ணீர் எடுத்து, ஸ்ட்ராவைப் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு ஊதுங்கள். அடியில் குமிழி வருகிற அந்த அழுத்தம் இருக்கிறதே, அதுதான் பத்து. அந்த ஐந்து பேருக்கும் நாலரை முதல் பத்து வரைக்குள் போதுமானதாக இருந்தது. உங்கள் பேரன் ஜூஸில் குமிழி விடுகிற பலத்தில்தான் இந்த நோய் அடங்குகிறது.

இவ்வளவு எளிமையான, இவ்வளவு பலன் தருகிற வைத்தியம் இருக்கிறதே, பிறகு என்ன குறை?

குறையை நான் வீடுகளில் பார்க்கிறேன். கல்யாணத்துக்கோ கிரகப்பிரவேசத்துக்கோ போனால், "டாக்டர், நீங்க சொன்னதும் மெஷின் வாங்கிட்டேன்" என்பார்கள். எங்கே இருக்கிறது என்று கேட்பேன். கை மேலே காட்டும். பீரோவுக்கு மேலே, கொலுப் பொம்மைப் பெட்டிக்கும் பழைய மிக்ஸிக்கும் நடுவே, வாங்கி வந்த பையோடு, ஜிப் மூடியபடி. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய மெஷின் அங்கே நிம்மதியாகத் தூங்குகிறது. வாங்கியவர் கீழே தூங்காமல் திணறுகிறார்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. 2016இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. ஏற்கெனவே இதய நோயோ மூளை ரத்தக்குழாய் நோயோ உள்ள 2,700க்கு மேற்பட்டவர்கள். சிபாப் கொடுத்தால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையுமா என்று பார்த்தார்கள். குறையவில்லை. உடனே மெஷினால் பயனில்லை என்று சிலர் எழுதினார்கள். நான் அந்த ஆய்வில் வேறொரு எண்ணைத்தான் முதலில் பார்த்தேன். அவர்கள் சராசரியாக இரவுக்கு எத்தனை மணி நேரம் மாஸ்க் போட்டார்கள்? 3.3 மணி. பாதி ராத்திரிக்கு மாஸ்க்கைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். கனவு வருகிற உறக்கம் பெரும்பாலும் பின்னிரவில்தான் வருகிறது. அப்போதுதான் தசைகள் மிகவும் தளர்ந்து, அடைப்பு மிக மோசமாகிறது. மழை வலுக்கிற நேரத்தில் குடையை மடக்கியது மாதிரி! இதயத்துக்கு அந்த மெஷின் என்ன செய்யும் என்ற கேள்வி இன்னும் தீரவில்லை, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் முழு இரவும் போட்டவருக்குப் பகல் தூக்கம் போகும், ரத்த அழுத்தம் சற்று இறங்கும். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஏன் கழற்றுகிறார்கள்? காரணங்கள் எல்லாம் சின்னச் சின்னவை. மூக்கு வறள்கிறது என்றால் காற்றை ஈரப்படுத்தும் பெட்டி உண்டு, காய்ச்சி வடித்த நீர் ஊற்றலாம். மாஸ்க் அழுத்துகிறது என்றால் அளவு சரியில்லை. காற்று கசிகிறதா? மீசையைப் பாருங்கள். நம் ஊர் மீசைக்கும் மாஸ்க்குக்கும் ஜென்மப் பகை. ஒருவரிடம் மீசையைக் கொஞ்சம் ஒதுக்கச் சொன்னேன், அடுத்த மாதம் வேறு டாக்டரிடம் போய்விட்டார்! அவருக்கு நாசித் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற சின்ன மாஸ்க்கைக் கொடுத்திருக்க வேண்டும். தப்பு என்னுடையது. முகத்தில் எதையோ கட்டினால் பயமாக இருக்கிறதா? பகலில் சீரியல் பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுப் பழகுங்கள். "ராத்திரி கரண்ட் போனா மூச்சு முட்டிச் செத்துருவேனா?" மாட்டீர்கள். மாஸ்க்கில் காற்று போகத் துளை இருக்கிறது, வாயையும் மூடுகிற பெரிய மாஸ்க்கில் தானே திறக்கிற வால்வும் இருக்கிறது. நீங்கள் விழித்துக்கொள்வீர்கள், கழற்றிவிட்டுப் படுப்பீர்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அந்தக் கவலையும் இல்லை.

இத்தனைக்கும் பிறகு முடியவே முடியாது என்கிறவர்கள் உண்டு. அவர்களை விட்டுவிடுவதா? கூடாது. லேசான, நடுத்தர நோய்க்குப் பல் மருத்துவர் ஒரு வாய்க்கருவி செய்து தருவார். மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் அச்செடுத்துச் செய்வது. கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் இழுத்துப் பிடிக்கும். தாடையோடு நாக்கும் முன்னே வரும், வழி திறக்கும். தொடக்கத்தில் எச்சில் ஊறும், தாடை வலிக்கும். மெஷின் அளவுக்குக் கணக்கு இறங்காது. ஆனால் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போகலாம், கரண்ட் வேண்டாம், ராத்திரி முழுக்கப் பலர் போட்டுக்கொள்கிறார்கள். பீரோ மேலே இருக்கிற உயர்ந்த கருவியைவிட வாயில் இருக்கிற சுமாரான கருவி எனக்குப் பெரிது.

மல்லாந்து படுத்தால் மட்டும் அடைக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் பனியன் முதுகில் ஒரு பை தைத்து டென்னிஸ் பந்தை வைக்கச் சொல்வது பழைய வழக்கம். புரண்டால் உறுத்தும், ஒருக்களித்துவிடுவார்கள். சிரிக்காதீர்கள், சிலருக்கு அதுவே வைத்தியம். ராத்திரியில் மது, தூக்க மாத்திரை இரண்டும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். தூக்கம் சரியில்லை என்று தூக்க மாத்திரை போடுவது, கிணற்றில் விழுந்தவன் தலையில் கல்லைப் போடுவது.

எடை? அமெரிக்காவில் விஸ்கான்சினில் பல ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்து, 2000இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். எடையில் நூற்றுக்குப் பத்து குறைந்தால் மூச்சடைப்பு நூற்றுக்கு இருபத்தாறு குறையும். பத்து ஏறினால் முப்பத்திரண்டு ஏறும். ஏறுவது வேகமாக, இறங்குவது மெதுவாக!

இப்போது எல்லோரும் கேட்பது ஊசி. டிர்செபடைட். 2024 டிசம்பரில், உடல் பருமனோடு நடுத்தரம் அல்லது கடுமையான மூச்சடைப்பு உள்ளவர்களுக்கு இதை அமெரிக்க அரசு அனுமதித்தது. இந்த நோய்க்கென்று அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அது. 2025 மார்ச்சில் சர்க்கரைக்கும் பருமனுக்குமான மருந்தாக இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. ஆய்வில் மணிக்கு ஐம்பது தடவை அடைத்தவர்களுக்கு, ஓராண்டில் சராசரியாக 25 முதல் 29 வரை குறைந்தது. நல்ல மருந்து, சந்தேகமில்லை. ஆனால் ஐம்பதில் இருபத்தைந்து போனால் மீதி எவ்வளவு? இருபத்தைந்து! இன்னும் நடுத்தர நோய். பாதிப் பேருக்கு மெஷினே வேண்டாத நிலை வரலாம், மற்றப் பாதிக்கு வேண்டும். ஊசி போட்ட அன்றே மெஷினைப் பரண் ஏற்றிவிடாதீர்கள். மறுபடி ஸ்லீப் ஸ்டடி எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.

"ஒரே வெட்டாக வெட்டிவிட முடியாதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். உள்நாக்கையும் அண்ணத்தையும் குறைக்கிற அறுவை சிகிச்சை 1981இலிருந்தே நடக்கிறது. சிலருக்குப் பலன், சிலருக்குக் குறட்டைச் சத்தம் மட்டும் குறைந்து நோய் அப்படியே இருக்கும். சத்தமில்லாத மூச்சடைப்பு, அது இன்னும் ஆபத்து. எண்ணுவதற்கு மனைவிக்கு ஒலியும் கிடைக்காது! எந்த இடத்தில் அடைக்கிறது என்று மயக்க மருந்து கொடுத்துக் குழாய் விட்டுப் பார்த்த பிறகே கத்தி எடுக்க வேண்டும். இரண்டு தாடையையும் முன்னால் நகர்த்தும் அறுவை நல்ல பலன் தரும், பெரிய அறுவை. நாக்கை அசைக்கும் நரம்பைத் தூண்டும் சிறு கருவியை நெஞ்சில் தோலுக்கடியில் வைப்பதும் உண்டு. 2014இல் 126 பேரிடம் நடந்த ஆய்வில் மணிக்கு 29 என்றிருந்த நடுமதிப்பு ஓராண்டில் 9 ஆனது. செலவு லட்சங்களில். நம் பக்கத்துக்கு அது இன்னும் தூரம்.

குழந்தைகள் கதை வேறு. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற, குறட்டை விடுகிற, வகுப்பில் துறுதுறுவென்று ஓரிடத்தில் உட்காராத பிள்ளைக்கு டான்சிலும் அடினாய்டும் காரணமாக இருக்கலாம். 5 முதல் 9 வயதுப் பிள்ளைகள் 464 பேரை வைத்து நடந்த ஆய்வு 2013இல் வந்தது. அறுவை செய்தவர்களில் ஏழு மாதத்தில் நூற்றுக்கு 79 பேருக்கு உறக்க மூச்சு சீரானது. செய்யாமல் காத்திருந்தவர்களில்? 46 பேருக்குத் தானாகவே சீரானது. ஆகவே தாய்மார்களே, பயப்படவும் வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். காட்டிவிடுங்கள்.

இசைப் பிரியர்களுக்காக ஒன்று. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் ஊதுகிற டிட்ஜெரிடூ என்ற நீண்ட மரக்குழலை நான்கு மாதம் ஊதிப் பழகிய நடுத்தர நோயாளிகளுக்கு அடைப்பு குறைந்தது என்று 2006இல் சுவிட்சர்லாந்துக்காரர்கள் காட்டினார்கள். 25 பேரிடம் செய்த சின்ன ஆய்வு. அதற்கு 2017இல் சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் இக் நோபல் பரிசு கிடைத்தது, அதுவும் அமைதிப் பிரிவில்! பக்கத்து அறையில் படுத்திருப்பவர்களின் அமைதியை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

அந்த ஓட்டுநர் என்ன ஆனார்? மெஷின் வாங்கினார். ஒரு மாதம் கழித்து வந்தபோது மெஷினின் மெமரி கார்டைப் போட்டுப் பார்த்தேன், முப்பது இரவில் ஆறு இரவுதான் போட்டிருந்தார். மாஸ்க்கை மாற்றினோம். பெரும்பாலான இரவுகள் வண்டியிலேயே படுக்கிறவருக்கு அங்கே மின் இணைப்பு இல்லை என்பதை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, மனைவிதான் சொன்னார். வண்டி பேட்டரியிலிருந்து ஓடுகிற மாதிரி ஏற்பாடு செய்தோம். அடுத்த மாதம் இருபத்து நான்கு இரவு, இரவுக்கு ஆறு மணி நேரம். டோல்கேட்டில் பின்னால் ஹாரன் அடிப்பதில்லையாம்.

இந்த அவையில் வீட்டில் மெஷின் வைத்திருப்பவர்கள் சிலராவது இருப்பீர்கள், கையைத் தூக்க வேண்டாம். இன்றிரவு அதைக் கீழே இறக்குங்கள். பையைத் திறங்கள், தூசி தட்டுங்கள், ஃபில்டரைப் பாருங்கள், கறுத்திருந்தால் மாற்றுங்கள். போட்டுக்கொள்ள முடியவில்லை என்றால் என்னிடம் வாருங்கள், அல்லது உங்கள் டாக்டரிடம் போங்கள். மெஷினையும் மாஸ்க்கையும் அந்தக் கார்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக மட்டும் வராதீர்கள். ராத்திரி உங்கள் பக்கத்தில் விழித்துக்கொண்டு எண்ணுகிறவர் யாரோ, அவரையும் அழைத்து வாருங்கள். நான் முதலில் அவரிடம்தான் கேட்பேன்.